எது நம்ம பிளேன்?

ஏர்போர்ட்டுக்கு வாடகை வேன் ஓட்டுவதில் ஒரு விசேஷம் உண்டு: பறக்கப்போகிறவர் ஒருவர், வண்டியில் இடம் பிடிப்பவர்கள் தெருவில் பாதிப் பேர். உத்திரமேரூரில் வேன் வைத்திருந்த யாராவது இதைப் படித்தால், மடியில் இருப்பது யார் வீட்டுக் குழந்தை என்று தெரியாமலே கியர் போட்ட நாட்கள் ஞாபகம் வரும்.

மதில் ஓரம்

பஸ் ஸ்டாண்டு அருகே இரும்புக் கடை வைத்திருப்பவர் கபீர் பாய். அவருடைய ஒரே மகன் சலீம் வெல்டிங் படித்தவன். துபாய்க்கு வேலைக்குக் கிளம்பிய அன்று மொத்தக் குடும்பமும் என் வேனில் ஏறியது. அவனை உள்ளே அனுப்பிய பிறகும் யாரும் திரும்பச் சம்மதிக்கவில்லை. பிளேன் போவதைப் பார்த்தாக வேண்டும். அப்போது அதுதான் வழக்கம். பல்லாவரம் பக்கம் மதில் ஓரமாக வண்டியை நிறுத்தினேன். "எது நம்ம பிளேன்?" என்று பாய் கேட்டார். எனக்கென்ன தெரியும்? வெயில் ஏறுகிறது, குழந்தைகள் பசியில் கத்துகின்றன. தலைக்கு மேல் அடுத்து வந்ததைக் காட்டினேன். எல்லாரும் அழுதுகொண்டே கையாட்டினார்கள்.

திரும்பும்போது பாய் முன்சீட்டில் இருந்தார். செங்கல்பட்டு தாண்டினோம். பிறகு சொன்னார்: "ரெண்டே வருசம் ஏழுமலை. அப்பால கடைய அவன் கையில குடுத்துட்டு நான் சும்மா குந்திக்கினு இருப்பேன்."

வீட்டில் ஒரு கேள்வி

சவாரி முடிந்து வந்தால் என் மனைவி முதலில் கேட்பது, "இன்னிக்கு யாரு அழுதாங்க?" என்பதுதான். சொன்ன பிறகுதான் தட்டு வரும். அவள் இறந்துபோன பிறகு அப்படிக் கேட்க ஆளில்லை. சலீம் போன அன்று "எல்லாரும்" என்றேன். குழம்பை ஊற்றிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். "அந்த எல்லார்ல நீங்களும் சேத்திதான். கண்ணு செவந்து கீது."

கூரைமேல் பெட்டிகள்

இரண்டு வருஷத்தில் சலீம் வந்தான், லீவில். கம்பளி, டேப்ரெக்கார்டர், சென்ட், சோப்பு என்று கூரைமேல் கட்டிய பெட்டிகளுக்குக் கயிறு போதவில்லை. அழைக்க வந்தவர்களில் சிலரை பஸ்ஸில்தான் அனுப்பினேன். லீவு முடிந்து திரும்பப் போனான். பிறகு வருவான், போவான். கல்யாணமானது, நஸ்ரின் என்று ஒரு பெண் பிறந்தாள். பாய் மட்டும் கடையில் தனியாகத் தராசு பிடித்துக்கொண்டிருந்தார்.

வரவரப் பெட்டிகள் சிறுத்தன. ஒருமுறை தோளில் ஒரே பையோடு வெளியே வந்தான். "அவ்ளோதானா சலீம்?" என்றேன். "இன்னாத்த வாங்கியாறதுண்ணா? அங்க கீறதெல்லாம் நம்ம பஜார்லயே கீது. எங்க அத்தா மட்டுந்தான் அங்க கிடைக்கல."

அட்டை பிடித்த காலம்

ஒரகடம் பக்கம் பெரிய கம்பெனிகள் வந்தன. ஆட்களை வழியனுப்பிய நான், பெயர் எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்து வெளிநாட்டுக்காரர்களை அழைத்துவர ஆரம்பித்தேன். கொரியாவிலிருந்து வந்த இளம் இன்ஜினியர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டைப் பார்க்க வந்தார். பாய் கடையில் டீ குடிக்க உட்கார்த்தினேன். அவர் போனில் தன் அம்மாவுக்குக் கடைத்தெருவைக் காட்ட, அந்தம்மா அங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாய் எட்டிப் பார்த்து ஒரு சலாம் வைத்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், இவர் மகனும் இப்படித்தான் வெளியூரில், வெல்டர் என்று சொல்லிவைத்தேன். இன்ஜினியர் அதைக் குறித்துக்கொண்டார். பாய்க்கு அதெல்லாம் காதில் விழவில்லை. "பாவம் ஏழுமலை, அந்தம்மா எந்த பிளேனுக்குக் கையாட்டிச்சோ."

கம்பெனி பஸ்

அந்த இன்ஜினியரின் கம்பெனியிலேயே சலீமுக்கு சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. நிரந்தரமாக ஊருக்கு வந்துவிட்டான். ஆனால் கடைக்கு வரவில்லை. காலையில் கம்பெனி பஸ் பிடித்துப் போய்விடுவான். வருத்தமா என்று பாயிடம் கேட்டேன். "கடை கெடக்குது, விடுபா. சாயங்காலமானா புள்ள வூட்டுக்கு வரான்ல!"

மறுபடி மதில் ஓரம்

போன மாதம் நஸ்ரினை அவள் கம்பெனி பயிற்சிக்கு கொரியாவுக்கு அனுப்பியது. நான் வண்டி ஓட்டுவதை விட்டிருந்தேன். பாய் கேட்டதால் எடுத்தேன். "ரெண்டே வருஷம் தாத்தா" என்று சொல்லிவிட்டுப் போனாள். பாய் முகம் மாறிவிட்டது. திரும்பும் வழியில் மதில் ஓரம் நிறுத்தச் சொன்னார். சலீமும் அவன் மனைவியும் வண்டிக்குள்ளேயே போனில் பிளேன் எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாய் மட்டும் இறங்கி மேலே பார்த்தார். "எது நம்ம பிளேன்?"

"இன்னும் கிளம்பல அத்தா, நஸ்ரின் பிளேன் நின்னுக்கினுதான் கீது" என்று சலீம் உள்ளேயிருந்து சொன்னான். நான் காட்டுவதா வேண்டாமா என்று தயங்கினேன். பாய் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு நீ காட்டின பிளேனு ஏறல, எறங்கிக்கினு இருந்துச்சு. சக்கரம் தெரிஞ்சுதேபா. வர்றதுக்குக் கையாட்டினோம், புள்ள வந்துட்டான். இன்னிக்கும் எறங்குறதாப் பாத்துக் காட்டு."

உலகத்தில் நம் நாடு எங்கே நிற்கிறது என்று டி.வி.யில் தினமும் சண்டை போடுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை அது பல்லாவரத்து மதில் ஓரம், நிறுத்தக் கூடாத இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்குகிற பிளேனுக்குக் கையாட்டிக்கொண்டு நிற்கிறது.