கரிநாக்கு மாமா

என் மாமாவுக்குக் கரிநாக்கு என்று பெயர் வைத்தது எங்கள் சொந்தக்காரர்கள். அதைப் பள்ளிக்கூடம் வரை பரப்பியது நான். ஏழு வயதில் எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம். இன்றைக்கும் அந்தக் கோபம் தீரவில்லை, ஆனால் அவர்மேல் இல்லை.

அம்மாவின் தம்பி அவர். ஓடுகிற தண்ணீருக்கு எழுதிய கணக்கைப் புயல் காற்றுக்குப் போட்டுப் பார்ப்பதுதான் சிதம்பரத்தில் அவர் செய்த ஆராய்ச்சி. கடலூர்ப் பக்கம் புயல் என்றதும் எங்கள் குப்பத்துக்கு வந்து இறங்கிவிட்டார். அண்டாத் தண்ணீரைக் கரண்டியால் சுழற்றி, இரண்டு மிளகாய்க் காம்புகளைப் போட்டார். ஓரத்தில் போட்டது ஓடியது. நடுவில் போட்டது நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பியது.

“புயலும் இப்டித்தாங்கா. நடுப்பகுதி நம்ம மேல வந்தா காத்து சுத்தமா நின்னுடும். முடிஞ்சிதுன்னு யாரும் வெளிய போவாதீங்க. அது தாண்டுனதும் எதிர்ப்பக்கத்துலேர்ந்து அடிக்கும்.”

அப்பா சிரித்தார். “காத்துலயே கெடக்கறவன் நானு. எனக்கே பாடமா மச்சான்?”

மறுநாள் காலை வடக்கேயிருந்து பேயாக அடித்த காற்று, பத்து மணி வாக்கில் சட்டென்று நின்றது. வெயில்கூட எட்டிப் பார்த்தது. அப்பா படகைப் பார்க்கக் கிளம்பினார். மாமா குறுக்கே பாய்ந்து, கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். என் அப்பாவை அவர் வீட்டிலேயே வைத்துப் பூட்ட இவர் யார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சற்று நேரத்தில் மாமா ஈரச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, அம்மாவோடு சமையலறையில் ஒழுகிய தண்ணீரை வாரப் போனார். நான் சாவியை எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தெற்கேயிருந்து வந்த காற்று படகைப் புரட்டி அப்பாவின் இடுப்பில் போட்டது. உயிர் பிழைத்தார். ஆனால் அதன்பின் கடலுக்குப் போகவே இல்லை.

மாமா வாய் வைத்ததால்தான் காற்று திரும்பி வந்தது என்றார்கள் சொந்தக்காரர்கள். நானும் நம்பினேன். சாவி எப்படித் தன் கைக்கு வந்தது என்று தெரிந்த அப்பாவோ கடைசிவரை வாயே திறக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா மாமாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். “சாவிய அவருகிட்ட யாருடா குடுத்தா?”

மாமா என்னை ஒருமுறை பார்த்தார். “நாந்தாங்கா குடுத்தேன்.”

அம்மா அவரை அறைந்தாள். இனி என் வாசலை மிதிக்காதே என்றாள். அவரும் மிதிக்கவில்லை. எனக்கு ஆத்திரம் இன்னும் பொங்கியது. சாவியைக் கொடுத்தது நான். அதிலும்கூடக் கூசாமல் பொய் சொல்கிறாரே!