தோணிக் கணக்கை அடைத்த நாள்

எங்கள் தோணி ஆபீஸுக்குக் கணக்கெழுத வரும் பிள்ளைகளை ஜெபசுதாவிடம்தான் விடுவார்கள். பி.காம். முடித்த மிதப்பில் வருவார்கள். ஒரே வாரத்தில் இறக்கிவிடுவாள்.

“ஏளா ஜெஸ்லின், இது மளிகைக்கடைக் கணக்கில்ல. தோணி கெளம்புனா அந்தப் பயணத்துக்குத் தனிக் கணக்கு. திரும்பி வந்தாத்தான் அடைக்கணும். அதுவரைக்கும் ஆளுகளுக்குச் சம்பளம் எழுதிக்கிட்டே இருக்கணும், கேட்டியா?”

நான் பக்கத்து மேசையில் சுங்கப் பத்திரம் எழுதுகிறவன். அந்தக் குரலைக் கேட்டாலே எனக்குச் சிரிப்பு வரும்.

போன மழைக்காலத்தில் மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றிப்போன தோணி வரவில்லை. அதை ஓட்டிப்போன தண்டல் ஃபிராங்க்ளின், ஜெபசுதாவின் புருஷன். வயர்லெஸ்ஸில் “காத்து மோசமா இருக்கு” என்றான், அதோடு சரி. தேடப்போன கப்பல்களும் வெறுங்கையோடு திரும்பின.

முதலாளி அவசரப்பட்டார். கணக்கை அடைத்தால்தான் இன்சூரன்ஸ்காரன் அசைவானாம். ஓட்டைத் தோணியைக் கடலுக்கு அனுப்பிய பாவி!

“தோணி வரலியே, எப்படி அடைக்க?” என்றாள் ஜெபசுதா. மாசக்கணக்கில் அதே பதில்தான். ஒருத்தரும் அவளை வற்புறுத்தத் துணியவில்லை.

பிறகு ஒருநாள் மாப்பிள்ளையூரணியிலிருந்து அந்தோணியம்மாள் வந்தாள். அவள் புருஷனும் அதே தோணியில் போனவன்.

“அக்கா, ஒங்க எழுத்துல சம்பளம் ஓடுது. எங்கையில ஒத்தப் பைசா வரல. ஒங்களுக்கு ஆபீஸ் வேலை இருக்கு. எம்புள்ளைக என்னத்தத் திங்கும்? அடைச்சுவிடுங்கக்கா.”

ஜெபசுதா எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். ஜெஸ்லினைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தாள்.

“இதையும் படிச்சுக்கிடணும்லா? கடைசியா வயர்லெஸ்ல பேசுன தேதியோட சம்பளத்த நிறுத்து. பாக்கிய வாரிசு பேருல போடு.”

அந்தப் பெண் அழுதுகொண்டே ஒவ்வொரு பேராக அடித்தாள். தண்டல் பேர் வந்ததும் கை நின்றுவிட்டது.

“என்னால முடியாதுக்கா.”

“விடு தாயி, நான் அடிக்கேன்” என்று எழுந்தேன்.

“நீங்க சும்மா இருங்கண்ணே. அவ படிக்கட்டும்.” நாற்காலிக்குப் பின்னால் நின்று, எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்: “வாரிசு, ஜெபசுதா. பக்கத்துல, ஃபிராங்க்ளின் மனைவி.”

ஜெஸ்லின் அடித்தாள்.

“ஏளா, அவரு பேருக்கு முன்னால ‘காலஞ்சென்ற’ன்னு போடு. போடாட்டி இன்சூரன்ஸ்காரன் திருப்பி அனுப்பிருவான்.”