பசை காயும் வரை

பிளம்பர், குழாய் முனையில் பசையைத் தடவி, வளைவுத் துண்டுக்குள் செருகி, கால் சுற்றுத் திருகி, மனசுக்குள் முப்பது எண்ணும்வரை விடாமல் பிடித்திருப்பார். பிறகு சமையலறைத் தொட்டிக்கு அடியிலிருந்து முதலில் இரண்டு கால், அப்புறம் வயிறு, கடைசியில் தலை என்று தவணை முறையில் வெளியே வருவார். வாளித் தண்ணீரில் கையைக் கழுவி, துண்டில் துடைத்து, திருப்தி இல்லாமல் இன்னொரு முறை கழுவி, "ரெண்டு மணி நேரம் குழாயைத் திறக்காதீங்க. பசை காயணும்" என்பார். சொல்லும்போதே அவர் கண் அந்த வீட்டின் புத்தக அலமாரியைத் தேடிப் போய்விடும். தலையை இடப்பக்கம் சாய்த்து, புத்தகங்களின் முதுகுகளை வரிசையாகப் படித்து, ஒன்றை உருவி, "இதைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்பார். வீட்டுக்காரர் தலையாட்டுவதற்குள் முதல் பக்கம் முடிந்திருக்கும்.

பிளம்பர் வேலையில் பாதி, காத்திருப்பது. பசை காய வேண்டும், சிமெண்ட் இறுக வேண்டும், மேல்தொட்டி நிறைய வேண்டும். அந்த நேரத்தில் மற்றவர்கள் செல்போனை நோண்டுவார்கள், அல்லது வீட்டுக்காரரோடு அரசியல் பேசி வம்பில் மாட்டுவார்கள். இவர் படிக்கிறார். தேர்ந்தெடுத்துப் படிப்பதெல்லாம் கிடையாது. எந்த வீட்டில் எது இருக்கிறதோ அது. "என் வீட்ல சும்மா உக்காந்து படிச்சா வீட்டுக்காரி விடுவாளா? பரண்ல ஏறு, பல்பை மாத்துன்னு ஆரம்பிச்சிடுவா. வேலை செய்யற இடத்துலதான் நிம்மதியா சும்மா இருக்க முடியுது" என்பார்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. பசை காய்ந்துவிட்டால் புத்தகத்தை மூடியாக வேண்டும். வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழி உடைவதுபோல், கதாநாயகி கதவைத் திறக்கப் போகும் இடத்தில் பசை காய்ந்து தொலைக்கும். சரி, மறுமுறை வரும்போது படித்துக்கொள்ளலாம் என்றால், மறுமுறை என்பதே அவர் தொழிலில் இல்லை. "என் கை பட்ட இடத்துக்கு ரெண்டாந்தடவை கூப்பிட மாட்டாங்க" என்று சொல்லாமல் அவர் எந்த வேலையையும் தொடங்கியதில்லை. வெறும் வாய்ச்சவடால் இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு புகார் வந்தது கிடையாது. அதே இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒரு கதையைக்கூட முடித்ததும் கிடையாது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அன்றைய கதையை மனைவிக்குச் சொல்வார். அவள் துணி மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்புறம்?" என்பாள்.

"பசை காஞ்சிடுச்சு."

மீதியை அவளே முடித்து வைப்பாள். அவள் முடிவுகளில் நல்லவர்களுக்கு வேலை கிடைக்கும், கெட்டவர்களுக்கு முட்டி வலி வரும். புருஷனுக்கு அவள் வைத்திருக்கும் பெயர் 'பாதிக்கதை'. "பாதிக்கதை சாப்பிட வந்தாச்சா?" என்று அவள் கூப்பிடுவது தெருமுனை வரை கேட்கும்.

பாதிதான் படித்திருக்கிறோமே என்று அபிப்பிராயம் சொல்லத் தயங்குகிற ஆள் இல்லை அவர். கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டால் கொஞ்சம் கூடுதலாகச் சொல்வார். ஒரு வக்கீல் வீட்டில் தடித்த சரித்திரப் புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டு, "ராஜாவுக்கு ஆறு கல்யாணம், ஒன்பது சண்டை. எல்லாம் தேதியோட போட்டிருக்கான். அவ்வளவு பெரிய அரண்மனைக்குத் தண்ணி எங்கேருந்து வந்துச்சுன்னு ஒரு வரி எழுதலையே சார்!" என்று வக்கீலையே கூண்டில் ஏற்றினார். வெற்றிக்கு வழி சொல்லும் புத்தகம் ஒன்று, காலை நாலு மணிக்கு எழுந்தவர்கள்தான் உலகத்தில் ஜெயித்திருக்கிறார்கள் என்றது. "நான் நாலரைக்கு எழுந்திரிக்கிறேன். அந்த அரை மணிலதான் எல்லாம் போச்சு போல" என்று மூடி வைத்தார்.

பேய்க்கதை அவரிடம் எடுபடாது. பூட்டிய பங்களா, ஆளில்லாத குளியலறை, சொட்டுச் சொட்டாக ஒரு சத்தம். எழுதியவர் இருபது பக்கம் பயமுறுத்தியிருந்தார். பிளம்பர் இரண்டாம் பக்கத்திலேயே சொல்லிவிட்டார்: "பேயும் இல்ல, பிசாசும் இல்ல. வாஷர் போயிருக்கு." காதல் கதைகளில் அவருக்குப் பொறுமை குறைவு. ஐம்பது பக்கத்துக்கு இரண்டு பேர் மழையில் நனைந்துகொண்டே பேசினால், "காய்ச்சல் வராதா இதுங்களுக்கு?" என்று கவலைப்படுவார். சமையல் புத்தகத்தின் மேல் மட்டும் தனி மரியாதை. ஒவ்வொன்றும் ஒரே பக்கத்தில் தொடங்கி அதே பக்கத்தில் முடிந்துவிடுவதால், முடிவு தெரிந்த ஒரே இலக்கியம் அவருக்கு அதுதான்.

கவிதையைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். ஒருமுறை ஒரு வீட்டில் மேல்தொட்டிக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்திருக்கிறார். பக்கத்துக்கு நாலு வரி, மிச்சமெல்லாம் வெற்றிடம். 'இவ்வளவு காகிதம் வீணாப் போகுதே' என்று நினைத்துக்கொண்டே படித்தவர், தொட்டி நிறைந்து, வழிந்து, மாடிப்படியில் தண்ணீர் இறங்கி வந்து காலை நனைத்த பிறகுதான் நிமிர்ந்தார். "என்ன எழுதியிருந்துச்சுன்னு இப்பக் கேட்டா சொல்லத் தெரியல. ஆனா தொட்டி வழிஞ்சது எனக்குத் தெரியலைங்க" என்பார், சற்றே வெட்கத்தோடு. அவர் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொன்ன மிகப் பெரிய பாராட்டு அது.

இரவல் வாங்கிப் போகலாமே என்று எல்லா வீட்டிலும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். மாட்டார். எப்போதோ ஒருமுறை வாங்கிப் போய், கருவிப்பையில் கிடந்த குழாய்த் துண்டிலிருந்து தண்ணீர் கசிந்து, புத்தகம் ஊறிப் போய் இரண்டு மடங்கு பருத்துவிட்டதாம். கடை கடையாக அலைந்து அதே புத்தகத்தைப் புதிதாக வாங்கிக் கொடுத்திருக்கிறார். அன்றோடு சரி. "தண்ணிக்காரன் பையில காகிதம் தங்காது" என்பார்.

இப்படிப்பட்டவரைத்தான் போன மாதம் ஒரு துப்பறியும் நாவல் கவிழ்த்துவிட்டது.

அடுக்குமாடி ஒன்றின் இரண்டாம் மாடியில் ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் தனியாக இருக்கிறார். முப்பத்தைந்து வருடம் பிரசவ வார்டில் அதட்டி அதட்டிப் பழகியவர்; சாதாரணமாக "உட்காருங்க" என்று சொன்னாலே கேட்பவர் படுத்துவிடுவார். அந்த வீட்டுச் சமையலறையில் பழைய குழாய்களை எல்லாம் மாற்றிப் புதிது போட்டு, பசை காய ஐந்து மணி நேரம் காத்திருந்த அன்று பிளம்பர் கையில் அகப்பட்டது அந்த நாவல். பணக்காரக் கிழவர் ஒருவர் பூட்டிய அறையில் செத்துக் கிடக்கிறார். வீட்டில் ஏழு பேர். மொத்தம் இருநூற்று நாற்பது பக்கம்.

"சிஸ்டர், மருமகன்தான். எழுதி வேணா வெச்சுக்கோங்க" என்றார் ஐம்பதாவது பக்கத்தில்.

"படிங்க தம்பி" என்றார் நர்ஸ்.

நூறாவது பக்கத்தில் மருமகனை விடுதலை செய்துவிட்டுத் தோட்டக்காரனைப் பிடித்தார். நூற்று ஐம்பதில், "டாக்டர் மேலயும் ஒரு கண்ணு இருக்கு" என்றார். நர்ஸ் ஒவ்வொன்றுக்கும் சிரித்தார். நூற்றுத் தொண்ணூற்றெட்டாவது பக்கத்தில் பசை காய்ந்தது. குழாயைத் திறந்து பார்த்தார். பாழாய்ப்போன குழாய், ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"யாருன்னு நான் சொல்லட்டுமா?" என்று நர்ஸ் கேட்க, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

அந்த வாரம் முழுக்க அவர் அவராக இல்லை. வேறு வீடுகளில் பசை காயும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி கதையைக் கேட்டு வழக்கம்போல் முடித்து வைத்தாள். கிழவர் தானாகவே வழுக்கி விழுந்து செத்தார் என்றாள். அவருக்கு ஒப்பவில்லை. "கதவு உள்பக்கம் பூட்டியிருக்குடி" என்று சாப்பாட்டுக்கு நடுவில் எரிந்து விழுந்தார். "அப்படின்னா போய் மிச்சத்தைப் படிச்சிட்டு வாயேன்யா. அந்தம்மா வேண்டாம்னா சொல்லப் போறாங்க?" என்றாள் அவள். "வேலை இல்லாம ஒருத்தங்க வீட்ல போய் எப்படி உக்கார்றது? என்னன்னு சொல்லிக் கதவைத் தட்டுவேன்?" என்றார். தட்டியிருந்தால் நர்ஸ் சந்தோஷமாகத் திறந்திருப்பார் என்பது வேறு விஷயம். ஆனால் நர்ஸுக்கும் அதே கூச்சம். குழாய் நன்றாக இருக்கும்போது பிளம்பரை என்னவென்று கூப்பிடுவது?

எட்டாம் நாள் காலையில் போன் வந்தது. பேசியவர் அந்த அடுக்குமாடியின் செயலாளர். நர்ஸுக்கு நேர் கீழ் வீட்டுக்காரர்.

"என்னங்க வேலை பார்த்திருக்கீங்க? எங்க சமையல்கட்டு மேல்தளம் பூரா ஈரம்! மாடியில உங்க குழாய்தான் ஒழுகுது!"

பிளம்பர் பாதி இட்லியோடு எழுந்துவிட்டார். இருபத்திரண்டு வருடப் பெயர். வண்டியைக் கிளப்பி, முதல் திருப்பம் திரும்பும்போதுதான் இன்னொன்று உறைத்தது: இன்னும் நாற்பத்திரண்டு பக்கம். அவரையும் அறியாமல் முகம் மலர்ந்தது. மானம் போகிற நேரத்தில் பல்லைக் காட்டுகிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு, கொஞ்சம் வேகமாகவே ஓட்டினார்.

செயலாளர் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். நர்ஸ் அவருக்குப் பின்னால் நின்று, வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்ப்பவர்போலத் தன் வீட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிளம்பர் டார்ச்சோடு தொட்டிக்கு அடியில் போனார். அவர் ஒட்டிய இடம் எல்லாம் சுக்காகக் காய்ந்து கிடந்தது. ஒழுகியது குழாயை இணைக்கும் பித்தளை நட்டு. முக்கால் சுற்றுத் தளர்ந்திருந்தது. தானாகத் தளர்கிற நட்டு இல்லை அது, அவர் இறுக்கியது. வெளிச்சத்தை நெருக்கிப் பிடித்தார். பளபளப்பான பித்தளையில் வரிசையாகப் பல் தடங்கள். யாரோ வீட்டுக் குறட்டால் கடித்துத் திருப்பியிருக்கிறார்கள். திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து அவருக்குத் தெரிந்தது நர்ஸின் பாதங்கள் மட்டும்தான். இரண்டு கட்டைவிரலும் செருப்புக்குள் மடங்கி ஒளியப் பார்த்துக்கொண்டிருந்தன.

சொட்டுச் சொட்டாக ஒழுகினால் போதும், பிளம்பரைக் கூப்பிட ஒரு சாக்குக் கிடைக்கும் என்று கணக்குப் போட்ட அம்மாளுக்கு, தண்ணீர் இறங்கிக் கீழ்வீட்டுக்கும் போகும் என்று தோன்றவில்லை. பிரசவம் பார்த்த கைக்குக் குழாய் பிடிபடவில்லை.

"என்னய்யா ஆச்சு?" என்றார் செயலாளர்.

"அது வந்து, நான்தான்..." என்று நர்ஸ் ஆரம்பித்தார். வார்டையே நடுங்கவைத்த குரல் அரைக்கிணற்றில் நின்றது.

"நட்டை நான் சரியா இறுக்கலை சார்" என்றது தொட்டிக்கு அடியிலிருந்து ஒரு குரல். "என் தப்புதான்."

இருபத்திரண்டு வருடத்தில் அந்த வார்த்தையை அவர் வாய் உச்சரித்ததில்லை.

"உங்க கை பட்டா ரெண்டாந்தடவை கூப்பிட மாட்டாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தீங்களே?" என்றார் செயலாளர்.

"சொல்லிட்டிருந்தேன் சார்."

செயலாளரின் குரல் தணிந்தது. "சரி, போகட்டும். எவ்வளவு நேரமாகும்?"

நட்டை இறுக்க ஒரு நிமிடம் போதும். "மூணு மணி நேரம் ஆகும் சார்" என்றார் பிளம்பர். "திரும்ப ஒழுகுதான்னு கூடவே உக்காந்து பார்க்கணும்."

செயலாளர் போனதும் நட்டை இறுக்கினார். கையை இரண்டு முறை கழுவினார். நாவல் மேஜைமேல் தயாராக இருந்தது. நூற்றுத் தொண்ணூற்றெட்டாவது பக்கத்தில் ஒரு மருந்துச் சீட்டு. அவர் படிக்க உட்கார்ந்தார். நர்ஸ் எதிரில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு, அதற்கு மேலாக அவர் முகத்தையே படித்துக்கொண்டிருந்தார்.

இருநூற்று முப்பத்தொன்றாவது பக்கத்தில் அவர் துள்ளினார். "கணக்குப்பிள்ளையா? இவன் ரெண்டே தடவைதான சிஸ்டர் வந்தான்! அதுவும் கதவைச் சாத்திட்டுப் போக!"

"அதான் தம்பி விஷயமே!" நர்ஸ் செய்தித்தாளைத் தூக்கி எறிந்தார். "எத்தனை நாளா இதைப் பேச ஆளில்லாம நெஞ்சு அடைச்சுக் கிடக்குது தெரியுமா? எனக்கும் முதல்ல அந்த டாக்டர் மேலதான் சந்தேகம்!"

பிளம்பர் கடைசிப் பக்கத்தை முடித்து, அதற்கு அடுத்த வெற்றுப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். வேறெதுவும் இல்லை. "அவ்வளவுதானா?" என்றார், யாரோ ஏமாற்றிவிட்டதுபோல. பிறகு முதல்முறையாகத் தொடக்கம் முதல் முடிவு வரை தெரிந்த ஒரு புத்தகத்தைப் பற்றித் தம் அபிப்பிராயத்தை வெளியிட்டார்: "என் வீட்டுக்காரி இதைவிட நல்லா முடிச்சிருப்பா."

அதன்மேல் ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. கணக்குப்பிள்ளைதான் கொலைகாரன் என்று நர்ஸ் வாதாடினார். பிளம்பர், அது நடக்காது என்று பூட்டிய கதவைப் படம் போட்டு விளக்கினார். இரண்டு பேருக்கும் தொண்டை கட்டியது. மூன்று மணி நேரம் முடிந்து அவர் கருவிப்பையைக் கட்டியபோது நர்ஸின் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. "உள் அறையில இன்னொண்ணு இருக்கு" என்றார் அலமாரியைப் பார்த்தபடி. "இதைவிடத் தடிச்சது. கப்பல்ல நடக்கிற கொலை."

பிளம்பர் தொட்டிப் பக்கம் திரும்பினார். தட்டுத் துடைக்கும் துணிக்கு அடியில் மறைந்திருந்த குறட்டின் கைப்பிடி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை உருவினார். பையிலிருந்து ஒரு பழைய துணித் துண்டை எடுத்து, நட்டில் இனி காயம் படாதபடி குறட்டின் பற்கள்மேல் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினார். திறந்து மூடிப் பார்த்துவிட்டு, நர்ஸின் கைக்கு எட்டும்படி தொட்டி ஓரத்திலேயே வைத்தார். அப்புறம் குனிந்து, வாளியை நட்டுக்கு நேர் கீழே நகர்த்தி வைத்தார்.