சந்தனம் பட்ட சிகரெட் அட்டை

பினாங்கில் தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் தேர் தன் தெருவைக் கடக்கும்போது அமலம்மாள் எழுந்து நிற்பாள். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலில் முழங்காலிடும் வேதக்காரிக்கு முருகன் தேரிடம் என்ன மரியாதை என்று கேட்டால், "கால் மரத்துப் போச்சு லா, அதான்" என்பாள். அந்தக் கால் வருஷத்துக்கு ஒரே நாள், தேர் வரும் நேரம் பார்த்துத்தான் மரத்துப்போகும்.

விஷயம் ரப்பர் விலை விழுந்த வருஷத்தில் தொடங்குகிறது. அவள் கணவன் ஹென்றி துறைமுகத்தில் பாரம் தூக்கியவன். மூட்டைகள் சரிந்து அவன் இறந்த பிறகு, மார்க்கெட் தெரு முனையில் வெற்றிலையும் சிகரெட்டும் வைத்து ஒரு பெட்டிக்கடை போட்டாள். அது ஒரு வயிற்றுக்கே போதவில்லை. மகள் லீனாவைக் கன்னியர் மடத்தில் விட்டாள். "கையில் ஒரு தொழில் இருக்கிறதென்று காட்டு, பிள்ளையைக் கூட்டிப் போ" என்றார் மடத்துத் தலைவி. அமலம்மாள் தையல்கடை மீரா சாகிபிடம் ஓடினாள்.

"மிஷின் இருக்கா? இருந்தா மூட்டை மூட்டையா சட்டைத்துணி தர்றேன். இல்லாட்டி என் நேரத்தைத் தின்னாதே அக்கா."

மிஷினுக்கு எங்கே போவாள்? அப்போதுதான் 'இரட்டை ஆமை' சிகரெட் கம்பெனி சுவரெல்லாம் ஓர் அறிவிப்பை ஒட்டியது. பெட்டிக்குள் வரும் பட அட்டைகள் ஐம்பதையும் பழுதில்லாமல் கொண்டுவருபவருக்குத் தையல் மிஷின் இனாம். கடைசி நாள் குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமை. மடத்திலோ வேறு பேச்சு நடந்தது. ஈஸ்டர் முடிந்ததும் சிங்கப்பூர் போகும் ஒரு துரை குடும்பம் லீனாவை ஆயா வேலைக்குக் கூட்டிப் போகப் போகிறதாம்.

ஊரே புகைந்தது. அந்தப் புகையில் தீவைக் காணாமல் ஒரு கப்பல் கெடாவுக்கே போய்விட்டது என்பார்கள். நான் பாதிதான் நம்புகிறேன். அது பாதி வழியில் திரும்பியிருக்கும்.

அமலம்மாளுக்கு அட்டைக்குப் பஞ்சமில்லை. பெட்டியைக் கடையிலேயே பிரிக்கும் வாடிக்கைக்காரர்கள் படத்தை அங்கேயே போட்டுவிட்டுப் போனார்கள். யானை, கோபுரம், கப்பல் என்று பிஸ்கட் டின்னில் சேர்த்தாள். படம் தெரிந்தால் போதும் என்பது அவள் கணக்கு. சேர்ந்தவற்றைக் காட்டிவரலாமென்று பீச் தெரு அலுவலகத்துக்குப் போனபோதுதான் அந்தக் கணக்கு தப்பென்று தெரிந்தது. அங்கே குமாஸ்தா வயிரவன் நெற்றி நிறைய விபூதியோடு, பூதக்கண்ணாடி பிடித்து உட்கார்ந்திருந்தார்.

"கப்பல் தள்ளுபடி. மூலை மழுங்கியிருக்கு."

"பார்க்க நல்லாத்தானே ஐயா இருக்கு?"

"மடிப்பு, கறை கூடாது. முதுகுல பசை கூடாது. மூலை நாலும் கூரா நிக்கணும். நான் சொல்லல, கம்பெனி முதலாளி துவான் சொல்றாரு."

தள்ளிய அட்டை மறுபடி வரக்கூடாது என்பது கம்பெனி சட்டம். வயிரவன் துளைக் குறட்டால் கப்பலின் வயிற்றில் ஓட்டை போட்டுத் திருப்பித் தந்தார். தேறியவை மட்டும், ஐம்பதையும் கொடுக்கும் நாளில், இரும்புப் பெட்டிக்குள் போகும். அன்றிலிருந்து அமலம்மாள் கம்பெனியைவிடக் கண்டிப்பானாள். தன் மூச்சுப் பட்டால் அட்டை நமத்துவிடுமென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு டின்னைத் திறந்தாள்.

கடைசியில் ஒன்றுதான் பாக்கி. மயில்மேல் முருகன். அவள் கைக்கு வராத அட்டையல்ல அது. அறிவிப்பு வருமுன், "சாமி படம், கால்ல மிதிபடக் கூடாது" என்று, வந்ததையெல்லாம் இந்து வாடிக்கைக்காரர்களுக்கு அவளே எடுத்துக் கொடுத்திருந்தாள். இப்போது வீடு வீடாக அலைந்தாள். மாட்டுவண்டிக்காரர் வீட்டில் முருகன் சோற்றுப்பசையால் சுவரில் ஒட்டியிருந்தான். உரித்தால் முதுகு சுவரோடு நின்றுவிடும். ஜெலுத்தோங்கில் ஒரு வீட்டில் எண்ணெயும் கற்பூரக் கரியும் ஏறி மயில் காகமாகியிருந்தது. பினாங்கில் யாரும் கும்பிடாத முருகனே இல்லை. இரவில் ஜெபமாலையை உருட்டினால் வாயில் வந்தது அட்டையின் எண்தான்.

கடைசி நாள் காலையில், செட்டியார் வீட்டு முத்தம்மை ஆச்சியின் பூஜையறையில் கண்டாள். கண்ணாடிச் சட்டத்துக்குள் முருகன். பொட்டெல்லாம் கண்ணாடிமேல். உள்ளே அட்டை அச்சுக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்ததுபோல இருந்தது.

"ஆச்சி, இவரை எனக்குக் குடுங்க."

"வேதக்காரிக்கு எதுக்குடி முருகன்? உங்க சாமி லீவுல போயிட்டாரா?"

"இவரைக் குடுத்ததே நான்தானே ஆச்சி!"

"குடுத்தே. நான் கும்பிட்டுட்டேன். கும்பிட்ட சாமிய யாராச்சும் திருப்பித் தருவாங்களா?"

அமலம்மாள் லீனாவைப் பற்றிச் சொன்னாள். சொல்லி முடிக்கும் முன்பே ஆச்சி சட்டத்தைக் கழற்றத் தொடங்கிவிட்டாள். அட்டை வெளியே வந்தது. நான்கு மூலையும் ஊசி. அமலம்மாள் கையை நீட்டினாள்.

"இரு. வீட்டை விட்டுப் போற சாமிய வெறும் நெத்தியோடவா அனுப்புறது?"

தடுக்குமுன் நடந்துவிட்டது. ஆச்சி குழைத்த சந்தனத்தை முருகன் நெற்றியில் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டாள்.

அமலம்மாள் பிஸ்கட் டின்னை இடுப்பில் இடுக்கினாள். பீச் தெருவரை அந்த அட்டையை உள்ளங்கையில் ஏந்தி, செத்த குருவியைக் கொண்டுபோவதுபோல நடந்தாள்.

சனிக்கிழமை அரைநாள், அலுவலகம் மூடும் நேரம். வயிரவன் நாற்பத்தொன்பதைப் பார்த்துப் பெட்டியில் போட்டார். ஐம்பதாவதை எடுத்தார்.

"கறை" என்றார் மெதுவாக.

"தெரியும் ஐயா. ஓட்டையைப் போட்டுக் குடுங்க. நான் போறேன்."

வயிரவன் குறட்டைக் கையில் எடுத்தார். முருகன் நெற்றியில் சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. குறட்டைக் கீழே வைத்தார். விரலைத் துடைத்தார். மறுபடி எடுத்தார்.

"சீக்கிரம் குத்துங்க ஐயா!" அமலம்மாள் அழுதேவிட்டாள். "என் பிள்ளை கப்பல் ஏறப்போகுது. நின்னு பார்த்துக்கிட்டு இருக்க முடியல."

"நீ சும்மா இரும்மா!" என்று வயிரவனும் கத்தினார். "தைப்பூசத்துக்குக் காவடி எடுத்த கைம்மா இது."

குத்தினால்தான் தள்ளுபடி. குத்தாத அட்டைக்கு அந்த அறையில் இருந்த ஒரே இடம் இரும்புப் பெட்டி. வயிரவன் செருப்பைக் கழற்றினார். அட்டையைக் கண்ணில் ஒற்றினார். மற்ற நாற்பத்தொன்பதுக்கும் மேலே வைத்து, மூடிப் பூட்டினார். துவான் கேட்டால் என்ன சொல்வார் என்று அவருக்கே தெரியவில்லை.

மிஷினை ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டு, அமலம்மாள் கூடவே ஓடினாள். வீட்டுக்கல்ல, மடத்துக்கு. வாசலில் தலைவி மிஷினைச் சுற்றிவந்து பார்த்தார்.

"உனக்கு இதில் தைக்கத் தெரியுமா?"

அமலம்மாள் அதுவரை ஊசியில் நூல் கோத்ததோடு சரி. உள்ளேயிருந்து லீனா ஓடிவரும் சத்தம் கேட்டது.

"நல்லாத் தெரியும் மதர்" என்றாள்.