துடைக்காமல் விட்ட ஒரு சாண் தரை

முதல் தடவை நான் செய்தது தவறு. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

கொல்லிமலையில், செம்மேட்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு சிறிய பிரசவ மருத்துவமனை. குழந்தைகள் அறையில் எறும்பு என்று கூப்பிட்டார்கள். பூச்சிக் கட்டுப்பாட்டு வேலையில் எனக்கு அப்போது பதினாறு வருட அனுபவம். தொட்டில்களை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டுச் சுவர் ஓரமெல்லாம் ஸ்ப்ரே அடித்தேன். சாயங்காலம் ஓர் எறும்புகூட இல்லை. பத்தாம் நாள் தலைமை நர்ஸ் போன் செய்தார்.

"ஏனுங்க, ஒரு ரூம்ல ஓடுனது இப்ப மூணு ரூம்ல ஓடுதுங்க. இந்த மாசத்துக்குள்ள சரியாகலீன்னா வார்டை மூடிரலாம்ங்கறாரு டாக்டரு. பக்கத்து ஊரு வாழவந்தி நாட்டுப் புள்ளைக ரெண்டு பேருக்கு அடுத்த மாசம் பிரசவத் தேதி. இங்க மூடிட்டா வலியோட மலைரோட்டுல அத்தனை வளைவும் எறங்கோணுமுங்க."

போய் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வெளிர் மஞ்சள், இரண்டு மில்லிமீட்டர். இந்த இனத்தில் ஒரே கூட்டில் பல ராணிகள் உண்டு. மருந்து பட்டால் கூடு பிரிந்து, ராணியும் முட்டையுமாக நாலு இடத்துக்குக் குடிபோய்விடும். எறும்பைப் பரப்பியது நான்தான்.

இந்த முறை ஸ்ப்ரேயை வண்டியிலேயே விட்டுவிட்டேன். தொட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தச் சொன்னேன். மூன்று அட்டைத் துண்டுகளில் மலைத்தேன், வெல்லப்பாகு, அவித்த முட்டையின் மஞ்சள் கரு. அரை மணி நேரம் கழித்துத் தேனில் நான்கு எறும்பு, வெல்லத்தில் ஒன்று, மஞ்சள் கருவில் எண்ண முடியவில்லை. கூட்டில் புழு வளர்கிற சமயம், புரதம் தேடுகின்றன. மஞ்சள் கருவில் போரிக் பவுடரை மிகக் குறைவாகக் கலந்து, அவை ஓடும் பாதையோரம் சிறு டப்பிகளில் வைத்தேன். மருந்து கூடினால் சுமக்கிற எறும்பு வழியிலேயே செத்துவிடும். ராணிக்குப் போய்ச் சேராது.

மறுநாள் பாதையையே காணவில்லை. துப்புரவுப் பணியாளர் பாப்பாத்தி பினாயில் போட்டுத் துடைத்திருந்தார். வழி தெரிவதற்காக எறும்பு விட்டுச் சென்ற வாசனை போய்விட்டது. இரை தொடப்படாமல் காய்ந்து கிடந்தது.

"அந்த ஓரத்தைத் தொடைக்காதீங்கக்கா. எறும்பு போகட்டும்."

"நல்லாருக்குதுங்க. எறும்பு மேய்க்கறதுக்கா உங்களக் கூப்ட்டாங்க? தரை அழுக்குன்னா நர்சம்மா என்னையத்தான் பேசும்."

வாசலில் நின்ற தலைமை நர்ஸ் குறுக்கிட்டார். "நாஞ் சொல்லற வரைக்கும் உட்டுரு பாப்பாத்தி. பேசறதா இருந்தா இவரையப் பேசிக்கறேன்."

பாப்பாத்தி விட்டார். சுவரோரம் ஒரு சாண் அகலத்துக்குத் தரை மங்கலாகக் கிடந்தது. யாரும் மிதிக்காமலிருக்க, மேலே அவரே பெஞ்சை இழுத்துப் போட்டார். இரையை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றினேன். ஒரு நிமிடத்தில் கடக்கும் எறும்பை நோட்டில் குறித்தேன்: நாற்பத்தொன்று, பிறகு பதினேழு, பிறகு மூன்று.

இரை வைத்த பதினெட்டாம் நாள் மூன்று அறைகளிலும் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. வார்டு மூடப்படாது என்று தலைமை நர்ஸ் வாழவந்தி நாட்டுக்குப் போன் செய்தார்.

இப்போது எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதல் அரை மணி நேரம் எறும்பை மட்டும் பார்க்கிறேன். அங்கே துடைப்பவர் யார் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

அன்று நான் நோட்டை மூடுவதற்குள் பாப்பாத்தி வாளியோடு வந்துவிட்டார்.

"இப்பவாச்சும் தொடைக்கலாமுங்களா?"

"தொடைங்க."

அந்த ஒரு சாணை மட்டும் மூன்று தடவை துடைத்தார்.