ஓலை பேசாத சக்கரம்

காரைக்குடியில் காரைக் கிளப்பிக் கொடுக்க ஆள் நிறைய உண்டு, நிறுத்திக் கொடுக்க அரசப்பனை விட்டால் ஆள் இல்லை என்று செக்காலை ரோட்டில் சொல்வார்கள். பாதி பாராட்டு, பாதி கேலி. தச்சர் வீட்டில் பிறந்து, பதினாறு வயதில் மதுரைக்குப் போய் ஒரு பஸ் பட்டறையில் தொழில் பழகி வந்தவர். மற்ற மெக்கானிக்குகளுக்கு இன்ஜின் மேல் மோகம். இவருக்குப் பிரேக் மேல் பித்து. மழை பெய்து விட்ட பிறகு ரோட்டோரம் குப்புறப் படுத்துக்கொண்டு, வருகிற வண்டிகள் நிற்கும்போது சக்கரம் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

"யாரோ செத்துக் கெடக்காகன்னு ஒருநா மாலையோட வந்துறப் போறாக," என்பாள் மனைவி மீனம்மாள்.

படுத்துப் பார்த்ததில் அவருக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. ஈர ரோட்டில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம்தான் நிற்கும், வண்டி நிற்காது. நின்றுபோன சக்கரம் வழுக்கிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கை எப்படி ஒடித்தாலும் வண்டி கேட்காது, ஏனென்றால் உருளுகிற சக்கரம்தான் திருப்பின பக்கம் திரும்பும். ஒருமுறை ரிப்பேருக்கு வந்த இன்ஜினீயர் ஒருவர், ஆகாய விமானங்களில் இதற்கென்றே ஒரு கருவி இருப்பதாகச் சொன்னார். சக்கரம் பூட்டிக்கொண்டால் அது தானாகவே பிரேக்கைத் தளர்த்தி, சுற்ற விட்டு, மறுபடி பிடிக்குமாம்.

"சக்கரம் நின்னுபோச்சுன்னு அதுக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டார் அரசப்பன்.

இன்ஜினீயருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கேள்வி அரசப்பனிடமே தங்கிவிட்டது.

1971ஆம் வருஷம் ஐப்பசியில், கண்ணம்மை ஆச்சி வீட்டு டிரைவர் சோமு பட்டறைக்கு நடந்து வந்தான். பதினோரு வருஷமாக அவனைக் காரில்லாமல் அந்த ரோட்டில் யாரும் பார்த்ததில்லை.

"என்னப்பா, நடராசா சர்வீஸா?"

"பழகிக்கிறேன் அண்ணே. திங்கக்கிழமை சிவகங்கையிலேருந்து வேற டிரைவர் வர்றான்."

விஷயம் இதுதான். போன வாரம் ஆச்சியின் மகள் நீலாயதாட்சியை ஏற்றிக்கொண்டு ஒக்கூரிலிருந்து திரும்பும்போது தூறல். மாடு ஒன்று குறுக்கே வந்தது. சோமு பிரேக்கை மிதித்தான். வண்டி வலதுபக்கம் சுழன்று ரோட்டை விட்டு இறங்கிப் பள்ளத்தில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிற பெண். டிரைவர் தூங்கிவிட்டான் என்று ஆச்சி முடிவு கட்டிவிட்டார். இரண்டு மெக்கானிக்குகள் வந்து ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்த்துவிட்டு, நாலு சக்கரமும் நன்றாகப் பிடிக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"வண்டியில கோளாறு இல்லேன்னா ஆளுலதான் கோளாறுன்னுட்டாக ஆச்சி."

"மிதிச்ச உடனே இழுத்துச்சா?"

"இல்லண்ணே. மொதல்ல பிடிக்கிறாப்லயே தெரியலை. அப்புறம் ஓங்கி மிதிச்சேன். நான் இடதுபக்கம் ஒடிக்கிறேன், அது பாட்டுக்கு வலதுபக்கம் போகுது."

அந்தரத்தில் தூக்கின சக்கரத்தை விரலை வைத்துக்கூட நிறுத்தலாம். பாரத்தோடு ஓடும்போது பார்க்க வேண்டும். ஆனால் காருக்குள் உட்கார்ந்துகொண்டு சக்கரத்தை எப்படிப் பார்ப்பது? அரசப்பன் உள்ளே போய், மீனம்மாள் கொட்டான் கூடை முடைய வாரி வைத்திருந்த பனையோலையில் கனமான இரண்டு நறுக்கை எடுத்துக்கொண்டு, சோமுவோடு கிளம்பினார்.

ஆச்சி வீட்டு வாசலில் முன்சக்கரங்களின் மூடியைக் கழற்றினார். மட்கார்டில் மூங்கில் குச்சியைக் கம்பியால் கட்டி, ஓலை நுனி சக்கர நட்டுகளில் உரசும்படி வைத்தார்.

"என்னது, காருக்குக் காத்தாடியா?" என்றபடி ஆச்சி வெளியே வந்தார்.

"சக்கரத்துக்கு வாய் வைக்கிறேன் ஆச்சி. சுத்துற வரைக்கும் பேசும். நின்னா வாய மூடிரும். ஒக்கூர் ரோட்டுல ஓட்டிப் பார்க்கப் போறோம்."

"அப்ப நானும் வாரேன். நீங்க ரெண்டு பேரும் டீயக் குடிச்சிட்டு வந்து ஆளுக்கொரு கதை சொல்லுவீக."

ஆச்சி வலதுபக்கப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அரசப்பன் இடதுபக்கம் முன்னால் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டிக்கொண்டார். ஒக்கூர் ரோடு ஈரமாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் ஓலை படபடவென்று அடித்தது.

"ஓங்கி மிதி!"

கார் கோணிக்கொண்டு வழுக்கியது. "என் பக்கம் நின்னுபோச்சு!" என்று கத்தினார் ஆச்சி. "வண்டி போகுது, ஓலை பேசலை!" பயந்துவிட்டார் என்று அரசப்பன் திரும்பிப் பார்த்தால், ஆச்சி ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டிருந்தார். "இன்னொருக்கா மிதிக்கச் சொல்லு."

மூன்று தடவை மிதித்தார்கள். மூன்று தடவையும் அதே கதை. நாலாவது தடவைக்கு முன் அரசப்பனுக்கு ஒரு யோசனை வந்தது.

"ஆச்சி, ஓலை நின்னதும் 'விடு'ன்னு சொல்லுங்க. பேசுனதும் 'மிதி'ன்னு சொல்லுங்க. சோமு, ஆச்சி சொல்றபடி காலை வை. ஸ்டியரிங்க இடதுபக்கம் லேசா ஒடி."

"விடு! மிதி! விடு! மிதி! விடுடா!"

குலுங்கிக் குலுங்கி வேகம் குறைந்த கார், இந்த முறை ஒடித்த பக்கம் திரும்பி ரோட்டோரம் போய் நின்றது. அரசப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விமானத்துக் கருவி செய்வதும் இதைத்தான். சக்கரம் பேசுகிறதா என்று எந்நேரமும் காதை வைத்துக்கொண்டிருக்க ஒரு ஆள், காலை எடுக்கச் சொல்ல ஒரு வாய். ஆச்சியைவிட வேகமாகச் சொல்லும், அவ்வளவுதான்.

"அப்ப என் பக்கத்துச் சக்கரந்தான் கெட்டுப்போச்சு," என்றார் ஆச்சி.

"இல்ல ஆச்சி. அது பாவம், ரெண்டாள் வேலையப் பார்க்குது. என் பக்கத்து ஓலை ஒருதடவைகூட நிக்கலை. எம்புட்டு மிதிச்சாலும் சுத்திக்கிட்டே இருக்கு. பிடிக்காததத்தான் பார்க்கணும்."

அங்கேயே ஜாக்கி போட்டு இடதுபக்கச் சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றினார். டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற லைனிங் கறுத்துப் பளபளத்தது. பிரேக் ஆயில் கசிந்திருக்குமோ என்று சிலிண்டரைத் தடவினார். காய்ந்து சுத்தமாக இருந்தது. லைனிங்கை விரலால் வழித்து மோந்து பார்த்தார்.

"விளக்கெண்ணெய்."

"சத்தியமா நான் ஊத்தலை அண்ணே," என்றான் சோமு அவசரமாக.

விரலை ஆச்சி பக்கம் நீட்டினார் அரசப்பன். ஆச்சி மோந்து பார்த்துவிட்டு ரோட்டின் அந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரக வர்ற அன்னைக்கு இந்தச் சக்கரம் கீச்சு கீச்சுன்னு கத்துச்சு," என்றார் கடைசியில். "இவன் சாப்பிடப் போயிருந்தான். மூடியக் கழட்டித் தொடைக்கையில ஒரு ஓட்டை தெரிஞ்சுச்சு. தையல் மெஷின்ல எண்ணெய் விட ஓட்டை வச்சிருக்கான்ல, அதுமாதிரின்னு நெனச்சு வேலைக்காரப் புள்ள சாலாவ ஊத்தச் சொன்னேன். நாலு கரண்டி."

சோமு வாயைத் திறந்தான். அரசப்பன் அவன் காலை மெல்ல மிதித்தார்.

"யாரு பார்த்தாலும் அப்படித்தான் ஆச்சி நெனைப்பாக. அது பிரேக்க இறுக்கி வைக்கிற ஓட்டை. இனிமே லைனிங் மாத்தணும், ரெண்டு பக்கமும் சேர்த்து. கழுவுனாப் போகாது."

ஆச்சி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். சோமு பக்கம் திரும்பினார்.

"டேய், அந்தச் சிவகங்கை ஆளு வர வேண்டாம்னு நீயே போய்ச் சொல்லிட்டு வந்துரு."

"பஸ்ஸுலயா ஆச்சி?"

"பின்னே? இந்தப் பிரேக்க வச்சுக்கிட்டுக் காருலயா போவே?"