தின்ன மறுத்த வெங்கிணாந்தி

என் அறைத்தோழிமீது எனக்குப் பொறாமை வர மூன்று காரணங்கள் இருந்தன. அவளுக்குச் சுருண்ட அடர்ந்த முடி. சனங்கள் தாங்களாகவே வந்து அவளோடு கதைப்பார்கள். படிக்காமலே பரீட்சைகளில் சித்தியடைந்துவிடுவாள். இந்த மூன்றையும் பொறுத்துக்கொண்டு, இரண்டு கட்டில்களும் ஓர் அலுமாரியும் மட்டும் கொள்ளும் அறையில் நான் அவளோடு வாழ்ந்துகொண்டிருந்தேன். நான்காவதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவளுடைய பாம்பு தின்றது. என்னுடையது தின்னவில்லை.

அது எண்பத்திரண்டாம் ஆண்டு. நெடுங்கேணிக்கு அப்பால், காட்டோரமாக இருந்த ஒரு கோழிப்பண்ணையில் நாங்கள் வேலை செய்தோம். கால்நடைப் பயிற்சியை ஒன்றாக முடித்து ஒன்றாகவே நியமனம் பெற்று வந்தவர்கள். நான் முரசுமோட்டைக் கமக்காரக் குடும்பம். அவள் கொக்கிளாயில் களப்பு மீன்பிடியை நம்பி வாழும் கிறிஸ்தவ வேதக்கார வீட்டுப் பிள்ளை. மண்ணெண்ணெயில் எரியும் அடைகாப்புப் பொறியைக் கவனிப்பது, பொரித்த குஞ்சுகளைப் பிரிப்பது, தடுப்பூசி போடுவது, தீவனம் கலப்பது எல்லாம் எங்கள் பொறுப்பு.

சிறுபோகக் காலத்தில் பண்ணைக் காணியை அகலமாக்கினார்கள். உழவு இயந்திரம் நாள் முழுக்கப் பற்றைகளை இழுத்துக்கொண்டிருந்தது. ஒருநாள் காலை அதன் சாரதி ஒரு சாக்கோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்.

"மிஸ், மலைப்பாம்புக் குட்டி. புத்து கலைஞ்சி போச்சு. மத்ததெல்லாம் ஓடிருச்சு, இந்த ரெண்டும் டயருக்கடியில படுத்துக்கிச்சுங்க. கொல்ல மனசு வரல. கோழிய வளக்குறீங்கல்ல, இதையும் வளங்க."

"அண்ணை, கோழி வளக்கிற ஆக்களிட்டையோ வெங்கிணாந்தியைக் கொண்டு வாறியள்?" என்று அவள் சிரித்தாள். சிரித்தபடியே சாக்குக்குள் கையை விட்டாள்.

மலைப்பாம்பை எங்கள் பக்கத்தில் வெங்கிணாந்தி என்போம். விஷமில்லாதது. குட்டிகள் என் முழுக்கை நீளம் இருந்தன. மண்ணிறத்தில், ஓரம் கறுத்த கபிலத் திட்டுகள். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டோம். கொஞ்சம் பெருத்ததும் காட்டில் விடுவதென்பது பேச்சு.

என் பாம்புக்கு நான் கூடு செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். பழைய அடைகாப்புப் பொறி ஒன்றின் மரப்பெட்டியை எடுத்தேன். முன்பக்கம் கண்ணாடி. மேலே மூடி, அதில் காற்றுக்குக் கண் நெருங்கிய நுளம்பு வலை. கோழிக்கம்பி வலையின் கண்ணுக்குள்ளால் குட்டி நழுவிப் போய்விடும். மூடிக்கு இரண்டு கொளுக்கி, ஏனென்றால் பாம்பு தள்ளிப் பார்க்கும். பெட்டியின் ஒரு முனைக்குக் கீழே மட்டும் அரிக்கன் லாம்பு, பலகை கருகாத உயரத்தில். சூடு வேண்டுமென்றால் இந்தப் பக்கம் வரலாம், வேண்டாமென்றால் மற்றப் பக்கம் போகலாம். உள்ளே வெப்பமானி. பாம்பு முழுதாக நனையக்கூடிய தட்டில் தண்ணீர். தரையில் பத்திரிகைத் தாள், அழுக்கானால் உடனே மாற்ற. அது முடிந்த அன்று நான் தள்ளி நின்று நெடுநேரம் பார்த்தேன். இதைவிட நல்ல கூடு வவுனியா வரைக்கும் இருந்திருக்காது.

அவள் ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துத் தூசி தட்டி நிமிர்த்தினாள். உள்ளே பழைய சாக்குத் துண்டு, ஒரு பக்கம் உடைந்த மண்சட்டி, சிரட்டையில் தண்ணீர். மேலே துளை போட்ட பலகை, பலகைக்கு மேலே கல். கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

முதல் சட்டையை இரண்டும் அடுத்தடுத்துக் கழற்றின. அதற்குப் பிறகு பசி வரும். தீவனக் களஞ்சியத்தில் எலிகள் நிறைய இருந்தன. ஆனால் அங்கே மருந்து வைத்திருந்தார்கள். மருந்து தின்ற எலியைத் தின்றால் பாம்பும் போய்விடும் என்று நான் தடுத்தேன். உயிர் எலியைப் போடவும் விடவில்லை. பாம்புக்குப் பசியில்லாவிட்டால் எலி பாம்பைக் கடிக்கும். பொரிப்பில் செத்துப்போகும் குஞ்சுகள் எப்படியும் கிடைக்கும். அவற்றை வெயிலில் வைத்துச் சூடாக்கி, கையால் அல்லாமல் நீண்ட இடுக்கியால் கொடுப்பதென்று முடிவானது. குஞ்சைத் தொட்ட கை குஞ்சு மாதிரியே மணக்கும், பாம்பு கையையே பிடித்துவிடும். இவ்வளவும் என் யோசனைகள். அவள் ஒவ்வொன்றுக்கும் "ஓமப்பா" என்றாள்.

அவளுடையது முதல் நாளே பாய்ந்து பிடித்தது. என்னுடையது குஞ்சைப் பார்த்துத் தலையைத் தன் சுருளுக்குள் புதைத்துக்கொண்டது.

அடுத்த முறையும் அப்படித்தான். அதற்கடுத்த முறையும். நான் லாம்பின் திரியை ஏற்றினேன், இறக்கினேன். தண்ணீரை மாற்றினேன். நாளுக்கு மூன்று தடவை, காலையில் ஒருக்கால், மதியச் சாப்பாட்டுக்கு வந்து ஒருக்கால், பின்னேரம் தீவனத் தராசில் வைத்து நிறுக்க ஒருக்கால் எடுத்துப் பார்த்தேன். நிறை குறைந்துகொண்டே வந்தது. முதுகெலும்பு தெரிந்தது, இரு பக்கமும் தோல் மடிந்தது. கட்டிலுக்கடியில் அந்தத் தேயிலைப் பெட்டிக்குள், பார்ப்பாரில்லாத அவளுடைய பாம்பு மினுங்கிக்கொண்டு தடித்தது.

"என்னப்பா, உம்மடை ஆள் இண்டைக்கும் விரதமோ?" என்று கட்டிலில் படுத்தபடி கேட்பாள்.

"ஓம். கந்தசட்டி பிடிக்குது."

"வேதத்துக்கு மாத்திவிடும். எங்கடை ஆக்கள் நல்லாச் சாப்பிடுவினம்."

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் குனிந்து, அவளுடைய பாம்பின் வயிற்றுப் புடைப்பைப் பார்த்தேன். உலை வைக்காத வீட்டுக்காரி பக்கத்து வீட்டு அடுப்புப் புகையைப் பார்க்கிற மாதிரி.

ஒரு பின்னேரம் அவள் எழுந்து வந்து என் பெட்டிக்கு முன்னால் குந்தினாள். கண்ணாடியில் விரலை வைத்தாள்.

"பகிடி இல்லை. இது செத்துப்போகும். என்னட்டைத் தாரும், நான் தின்னப்பண்ணிக் காட்டுறன்."

"வேண்டாம்."

"சாகவிடப் போறீரோ?"

அவள் குரலில் கெட்ட எண்ணம் ஒரு துளிகூட இல்லை. அதுதான் என்னை எரித்தது. அடுத்த பொரிப்பு வரைக்கும் பார்ப்போம், அதிலும் தின்னாவிட்டால் உம்மிடமே தருகிறேன் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, என் பாம்பு அவள் கட்டிலுக்கடியில் கொழுப்பதை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை. செத்துப்போவதை நினைத்தாலும் பொறுக்கவில்லை. எது பெரிதென்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

பொரிப்பு வந்தது. குஞ்சுகளைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு அந்த யோசனை பிடிபட்டது. தீவனத்தைக் கொத்தத் தெரியாமல் தூங்கி விழும் குஞ்சை என்ன செய்வோம்? சுறுசுறுப்பான ஒரு குஞ்சோடு சேர்த்து விடுவோம். அது கொத்துவதைப் பார்த்து இதுவும் கொத்தும். எங்கள் படிப்பில் முதல் மாதமே சொல்லித் தந்தது. அவளுடைய பாம்பை என் பாம்புக்கு வாத்தியாராகக் கேட்பது எனக்குக் கசந்தது. ஆனாலும் கேட்டேன்.

"கோழிக்குஞ்சு மாதிரியோ?" அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "சரி, கொண்டுவாரும் உம்மடை மாணவனை."

தேயிலைப் பெட்டியை முற்றத்து வெளிச்சத்துக்கு இழுத்தோம். என் பாம்பை உள்ளே விட்டேன். அது எங்கும் நிற்காமல் நேராக உடைந்த சட்டிக்குள் போனது. தலை மட்டும் வெளியே தெரிந்தது. அவள் இடுக்கியால் குஞ்சைத் தொங்கவிட்டாள். அவளுடைய பாம்பு குஞ்சின் தலையைப் பிடித்துச் சுருண்டது. என்னுடையது நாக்கை நீட்டியது. மறுபடியும் நீட்டியது. பிறகு சட்டிக்குள்ளிருந்து பாய்ந்து அதே குஞ்சின் பின்பக்கத்தைக் கவ்வியது.

"பாத்தீரா!" என்று கத்தினேன். பண்ணைக்கே கேட்டிருக்கும்.

அவள் கத்தவில்லை. "இஞ்ச பாரும்," என்றாள் மெதுவாக. "ரெண்டும் விழுங்குதுகள்."

அப்போதுதான் புரிந்தது. குஞ்சுகள் தீவனத்தைப் பகிர்ந்து தின்னும். பாம்பு பகிராது, பிடித்ததை விடவும் மாட்டாது. இரண்டு வாயும் இரண்டு முனையிலிருந்து நடுவை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தன. வாய்கள் சந்தித்தால் பெரியது சின்னதையும் சேர்த்து விழுங்கும். பெரியது அவளுடையது.

தடுப்பூசிப் பெட்டியில் ஸ்பிரிட் இருந்தது. பஞ்சில் நனைத்துப் பாம்பின் வாயருகே வைத்தால் மணம் தாங்காமல் விட்டுவிடும். ஓடிப்போய் எடுத்து வந்தேன். ஒன்றுக்குத்தான் வைக்க வேண்டும். மற்றதற்கு மணம் பட்டுவிடக் கூடாது. பஞ்சோடு குந்தி இரண்டு வாய்களையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"என்ரைக்கு வையும்," என்றாள். "அது போன கிழமையும் திண்டது. உம்மடை திங்கட்டும்."

வைத்தேன். அவளுடைய பாம்பு வாயைப் பிளந்து பின்வாங்கியது. அவள் வாலிலிருந்து ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து அதைத் தூக்கினாள். பறிகொடுத்த கோபத்தில் அது திரும்பி அவள் மணிக்கட்டைக் கடித்தது. இழுத்தால் பல் முறியுமென்று அவளுக்குத் தெரியும். விடும்வரை அசையாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். அரைவட்டமாகச் சிவந்த புள்ளிகள்.

என் பாம்பு விழுங்கியது. மஞ்சள் தூவல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து முழுதாக மறைந்தது. நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது: அது சாகாது, என்னிடமே இருக்கும். என்றாலும் அந்தக் குஞ்சு அவள் விட்டுக்கொடுத்தது என்ற நினைப்பு, விழுங்கிய என் பாம்பைவிட எனக்குள்ளேதான் புடைத்துக்கொண்டு நின்றது.

என் பாம்புக்குப் பாடம் தேவைப்படவில்லை என்பது எனக்கு அன்றைக்கே தெளிந்துவிட்டது. ஒளிந்துகொள்ள இடந்தான் தேவைப்பட்டிருக்கிறது. எந்த மூலையிலும் மறைவில்லாத என் கண்ணாடிக் கூட்டில், நாளுக்கு மூன்று தடவை தூக்கிப் பார்க்கிற கைக்குப் பயந்து அது கிடந்திருக்கிறது. இதை அவளிடம் சொல்லலாம்தான். ஆனால் ஒளிய இடம் கொடுத்த அந்தச் சட்டியும் அவளுடையது.

தேத்தண்ணி நேரத்துக்குச் சாரதியும் தொழிலாளர்களும் வந்தபோது அவள் கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மாடி, பல்லு வரிசையா பதிஞ்சிருக்கே! வலிச்சிச்சா மிஸ்?"

"என்ரை பாம்பு வாத்தியார் வேலை பாத்தது அண்ணை. சம்பளம் குடுக்கேல்லை எண்டு கடிச்சிட்டுது."

எல்லோரும் சிரித்தார்கள். ஆளாளுக்கு அவள் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"உங்க குட்டி எங்க மிஸ், தின்னுடிச்சாமே? காட்டுங்க பாப்போம்," என்றார் சாரதி என்னிடம்.

தின்ற பாம்பைத் தொடக்கூடாது. அசைத்தால் கக்கிவிடும். கிடந்த சாக்குத் துண்டோடே மெல்லத் தூக்கி என் கூட்டுக்குள் வைத்து, கண்ணாடிக்கு வேறொரு சாக்குப் போட்டு, உள்ளே ஒரு சட்டியும் கவிழ்த்து, மூடியின் இரண்டு கொளுக்கியையும் மாட்டிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

"இப்ப காட்டேலாது அண்ணை," என்றேன். அவர் தலையாட்டிவிட்டு மறுபடியும் அவள் கைப்பக்கம் திரும்பினார்.